வேடியப்பன் கல்லும் கான்பெராச் சுவரும்



ஒரு நாட்டு மக்களின் குணம் அந்த நாட்டுச் சிப்பாயை எப்படி உருவாக்குகிறது, அந்தச் சிப்பாயின் கதை திரும்பி வந்து அந்தச் சமூகத்தை எப்படி உருவாக்குகிறது என்பதே இன்றைய பொருள். இதற்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றதும் அழைப்பிதழைப் பார்த்த ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, ஓசூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் மத்திகிரியில் இருக்கிறது. இன்று நாம் கால்நடைப் பண்ணை என்று சொல்லும் அந்தப் பரந்த புல்வெளி 1824இல் மாட்டுக்காக ஏற்பட்டதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்குக் குதிரை பழக்கித் தரும் நிலையமாக அது தொடங்கியது. ஓசூரின் குளிர்ந்த காற்றும் மேட்டுநிலத்துப் புல்லும் குதிரைக்கு ஒத்துக்கொண்டன. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்கிய குதிரைகள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து வந்தவை. வேல்ஸ் என்ற அந்தப் பெயரிலிருந்தே அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். கடல் கடந்து வந்த வேலர்கள் இந்த மண்ணில் கால் பதித்து, நம் ஊர்க் குதிரைக்காரர்களிடம் சேணம் ஏற்கப் பழகி, பிறகு படைக்குப் போயின. ஆஸ்திரேலியச் சிப்பாயைப் பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அவன் நாட்டுக் குதிரையை ஓசூர் அறியும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 1918 செப்டம்பர் 23ஆம் நாள் பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரை ஈட்டி ஏந்திய குதிரைப்படை பாய்ந்து கைப்பற்றியது. ஜோத்பூர் லான்சர்களும் மைசூர் லான்சர்களும் அன்று பாய்ந்தவர்கள். மைசூர் லான்சர்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்து நம் அண்டை வீட்டுக்காரர்கள். அவர்கள் இருந்த பாலைவனக் குதிரைப்படைப் பிரிவு முழுவதற்கும் தளபதி ஹாரி ஷோவெல் என்ற ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலிய லைட் ஹார்ஸ் வீரனும் மைசூர்க் குதிரைவீரனும் ஒரே கட்டளையின் கீழ் நின்றார்கள். போர் முடிந்தபின் ஆஸ்திரேலியர்கள் தங்கள் குதிரைகளை ஊருக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்தப் போருக்காகக் கடல் கடந்த 1,30,000க்கும் மேற்பட்ட குதிரைகளில் சாண்டி என்ற ஒன்றுதான் தாய்நாடு திரும்பியது. மிஞ்சியவற்றில் பல இந்தியப் படைக்கு வந்து சேர்ந்தன.

இனி மனிதர்களுக்கு வருவோம்.

முதல் உலகப்போர் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. அதில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படையில் சேர்ந்தார்கள். 60,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்கள் அத்தனை பேரும் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று அரசு 1916இலும் 1917இலும் மக்களிடம் இருமுறை வாக்குக் கேட்டது. போர் உச்சத்தில் இருந்த அந்த நேரத்திலும் மக்கள் இருமுறையும் வேண்டாம் என்றார்கள். ஒரு சமூகத்தின் குணம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். போருக்குப் போகிறவன் தன் கால்களால் நடந்து போகட்டும், அவனைப் பிடித்துத் தள்ள எங்களுக்கு உரிமை இல்லை என்று அந்த மக்கள் நினைத்தார்கள்.

ஆனால் அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை வேறு. சார்லஸ் பீன் என்ற செய்தியாளர் 1915 ஏப்ரல் 25இல் துருக்கியின் கலிப்பொலிக் கரையில் படையோடு இறங்கினார். பின்னாளில் 12 தொகுதிகள் கொண்ட அதிகாரபூர்வப் போர் வரலாற்றை உருவாக்கியவர் அவர். ஆஸ்திரேலியச் சிப்பாயின் துணிவுக்கும் தோழமைக்கும் காரணம் அந்த நாட்டின் காட்டுப்புற வாழ்க்கை என்பது அவர் முடிவு. வறட்சியோடும் காட்டுத்தீயோடும் போராடி வளர்ந்தவன் அதிகாரிக்குப் பயப்பட மாட்டான், பக்கத்தில் இருப்பவனைக் கைவிட மாட்டான் என்றார். நாடே அதை நம்பியது. 'மேட்' என்ற சொல் அவர்களுக்கு ஒரு மந்திரம் ஆயிற்று. கூட்டாளி, பங்காளி, தோழன் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

பின்வந்த வரலாற்றாசிரியர்கள் படைப்பதிவேடுகளைப் புரட்டினார்கள். படையில் பெரும்பாலோர் ஆட்டு மந்தை ஓட்டியவர்கள் இல்லை. நகரத்து வேலைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், கணக்கர்கள், கூலிகள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிரிட்டனில் பிறந்தவர். காயம்பட்டவர்களைக் கழுதைமேல் ஏற்றிவந்து அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த நாயகனாகிவிட்ட சிம்ப்சன்கூட இங்கிலாந்துக்காரர். கலிப்பொலியில் அவர் இந்திய மலைப் பீரங்கிப் படையினரின் கோவேறு கழுதைக் கொட்டடியில்தான் தங்கி, அவர்களோடு உண்டார். 1918இல் ஆஸ்திரேலியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜான் மோனாஷ் யார்? பிரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. தொழிலால் சிவில் இன்ஜினியர், கான்கிரீட் பாலம் கட்டியவர். ஹமெல் என்ற இடத்தில் 1918 ஜூலை 4இல் நடந்த தாக்குதலை 90 நிமிடத்தில் முடிப்பதாகத் திட்டமிட்டார், 93 நிமிடத்தில் முடிந்தது. இங்கே அமர்ந்திருக்கும் உற்பத்திப் பிரிவு நண்பர்களுக்கு அந்த மூன்று நிமிடத்தின் அருமை தெரியும். அந்த வெற்றியைத் தந்தது காட்டுவாசியின் ரத்தம் இல்லை. ஒவ்வொரு நகர்வையும் கீழ்மட்டச் சிப்பாய்வரை விளக்கிச் சொன்ன ஒரு பொறியாளரின் உழைப்பு.

ஆக, குணம் மண்ணிலிருந்து முளைக்கிறது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. நமக்கு அந்தப் பேச்சு செய்த கேடு கொஞ்சமல்ல.

1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். பிறகு இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனார். தெற்கத்தியான் நீண்டகால அமைதியில் மென்மையாகிவிட்டான், போருக்கு உதவமாட்டான் என்பது அவர் தீர்ப்பு. தம் நினைவுநூலிலும் அதை எழுதினார். 'போர்க்குடி' என்ற கொள்கை அப்படித்தான் சட்டம்போல் ஆயிற்று. வடக்கில் சில இனத்தார் பிறவி வீரர், தெற்கே உள்ளவர் பிறவியிலேயே அல்லர் என்பது அந்தக் கொள்கை. பிளாசிப் போருக்குப் பின் ஒரு நூற்றாண்டு கம்பெனிக்குப் போர் வென்று கொடுத்த மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது பெயர் மாற்றப்பட்டு வடக்கத்திய ஆட்களால் நிரப்பப்பட்டன. 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படை என்று ஒன்று இல்லாமலே போனது. இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது அந்தக் கொள்கையைச் சுருட்டி வைத்துவிட்டு 1942இல் மதராஸ் ரெஜிமென்டை மறுபடியும் எழுப்பினார்கள். ரத்தத்தில் இல்லாத வீரம் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எங்கிருந்து வந்து ஏறியது?

கலைக்கப்படாமல் நின்ற ஒரு படை உண்டு. 1780இல் எழுப்பப்பட்ட மதராஸ் சாப்பர்கள். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கோட்டைச் சுவரில் வெடி வைப்பது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அதன் தலைமையகம் இங்கிருந்து 40 கிலோமீட்டரில், பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசுகிறவர்கள் அதில் ஒன்றாக இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு முழுக்க அதில் பறையர் சமூகத்தவர் பெருந்தொகையாகப் பணிபுரிந்தார்கள். ஊரில் கிணற்றுக்கு நெருங்க முடியாதவன் அங்கே சீனத்திலும் அபிசீனியாவிலும் எகிப்திலும் பாலம் கட்டினான், படைமுகப்பில் நின்றான். அந்தப் படையின் சிப்பாய்க்கு இந்திய ராணுவம் முழுவதும் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'தம்பி.' பஞ்சாபி அதிகாரியும் வங்காள அதிகாரியும் அந்தத் தமிழ்ச் சொல்லாலேயே அவர்களைக் குறிக்கிறார்கள்.

இந்தச் சொல்லில் சற்று நிற்க வேண்டும். 'மேட்' என்றால் நீயும் நானும் சமம், அவ்வளவுதான். வயது, படிநிலை எதுவும் அதில் இல்லை. அது அழகு. 'தம்பி' அப்படி அல்ல. தம்பி என்று ஒருவனை அழைத்தால் அழைத்தவன் அண்ணன் ஆகிவிடுகிறான். அண்ணனுக்குக் கடமை வந்துவிடுகிறது. முதலில் அடி வாங்க வேண்டியவன் அவன்.

1944 பிப்ரவரி 24ஆம் நாள் இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊருக்கருகே மதராஸ் சாப்பர் படையின் சுபேதார் சுப்ரமணியம் தம் ஆட்களோடு கண்ணிவெடி நீக்கிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். பின்னால் வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். வெடிப்பதற்குள் இருந்தது சில நொடி. அத்தனை பேருக்கும் முன்னால் சுபேதார் அந்த வெடியின்மேல் விழுந்து தம் உடலால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தச் சில நொடிகளில் அவர் எந்தக் கொள்கையையும் எண்ணியிருக்க முடியாது. தம்பி என்று அன்றாடம் அழைத்து அழைத்து உடம்பில் ஊறிய பழக்கமே அங்கே முடிவெடுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சமூகம் தன் சிப்பாயை எப்படி நினைவில் வைக்கிறது என்பது அடுத்தது. இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் நடுகற்களின் நாடு. தமிழ்நாட்டில் இவ்வளவு நெருக்கமாக நடுகற்கள் கிடைக்கும் பகுதிகள் குறைவு. இரா. நாகசாமி அவர்கள் காலத்தில் தொல்லியல் துறை 1970களின் தொடக்கத்தில் செங்கம் பகுதிக் கற்களைத் தொகுத்தது, தொடர்ந்து தருமபுரிக் கற்கள் வந்தன. ஏர் ஓட்டும்போது கலப்பையில் தட்டுப்பட்ட கல், ஏரிக்கரையில் துணி துவைத்த கல், மாட்டுத்தொழுவத்துப் படிக்கல் எல்லாம் வரலாறு பேசத் தொடங்கின. நம் மக்கள் அதற்கு முன்பும் அவற்றை மறந்துவிடவில்லை. வேடியப்பன் என்று பெயர் வைத்து, பொங்கல் இட்டு, விளக்கேற்றி வந்தார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் ஒரு மூதாட்டி அப்படி ஒரு கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யார் இது பாட்டி என்று கேட்டேன். "எங்க மாட்டக் காத்தவரு" என்றார். எழுத்துத் தெரியாதவர் அவர். கல்லில் செதுக்கியிருந்த செய்தியும் அதுவே.

அந்தக் கல்வெட்டுகளின் அமைப்பைக் கவனியுங்கள். எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு என்று வட்டெழுத்தில் தொடங்கும். அந்தப் பகுதித் தலைவன் பெயர் வரும். பிறகு இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் விழுந்தான். அரசன் பெயர் காலம் குறிக்க மட்டும் வருகிறது. கல் அரசனுக்காக நடப்படவில்லை. ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களைத் துரத்திப்போய் மீட்டு, அம்பு பாய்ந்து விழுந்த ஒரு சேவகனுக்காக நடப்பட்டது. புலியோடு போராடி மாண்டவனுக்கும் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, அதன் பெயரும் இருக்கிறது, கோவிவன். 1,400 ஆண்டுகளுக்கு முன் தனக்காகப் போராடிய நாயின் பெயரைக்கூட இந்தச் சமூகம் எழுதி வைத்தது. நடுகல்லுக்குக் கல் தேடுவதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. அது ஊரே கூடிச் செய்த சடங்கு. ஓசூர்ப் பக்கம் வந்தால் கன்னட எழுத்திலும் நடுகற்கள் இருக்கின்றன. வீரனை அரம்பையர் தோள்பிடித்து மேலுலகம் கொண்டுபோகும் காட்சி அடுக்கடுக்காக இருக்கும். மொழி மாறுகிறது, கல் நடும் வழக்கம் மாறவில்லை. செவிடபாடி என்று பழம்பெயர் கொண்டு, பிறகு கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்பட ஓசூர் ஆன ஊர் இது. எல்லைக்கோடு பின்னால் வந்தது.

1919க்கு வாருங்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அரசு பல ஊர்களில் சலவைக்கல் பலகைகள் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த மாபெரும் போருக்குச் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள். தமிழ்நாட்டிலும் அந்தப் பலகைகள் இருக்கின்றன. எண் இருக்கிறது, பெயர் இல்லை. பல்லவர் காலத்து ஊர் ஒரு மாட்டு மந்தைக்காகச் செத்தவனுக்குப் பெயர் எழுதியது. உலகம் முழுதையும் ஆண்ட பேரரசு தன் போருக்காகச் செத்தவனை ஒரு எண்ணாக எழுதிவிட்டுப் போனது. இந்த வேறுபாட்டைப் பார்த்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

ஆஸ்திரேலியாவை நான் மதிப்பது இந்த இடத்தில். அங்கே சிறு ஊர்களில்கூடப் போர் நினைவுத்தூண் இருக்கிறது. தாமாகப் போனவர்கள் என்பதால், இறந்தவர்கள் பெயரோடு உயிரோடு திரும்பியவர்கள் பெயரையும் பல ஊர்களில் பொறித்தார்கள். தலைநகர் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தின் வெண்கலச் சுவரில் 1,03,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எந்தப் பெயருக்கும் பதவி இல்லை, பதக்கம் இல்லை. ஜெனரலும் சமையல்காரனும் அவரவர் படைப்பிரிவின் கீழ் அகர வரிசையில் நிற்கிறார்கள். சாவில் எல்லோரும் சமம் என்று அந்தச் சமூகம் முடிவு செய்தது. 'மேட்' என்ற சொல் உண்மையானது அந்தச் சுவரில்தான்.

ஆனால் அதே நாடு தன் மண்ணின் பூர்வகுடிகளை அந்தச் சொல்லுக்கு வெளியே வைத்தது. ஐரோப்பிய வம்சத்தினர் அல்லாதவர் படைக்கு வேண்டாம் என்றது சட்டம். இருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூர்வகுடியினர் எப்படியோ சேர்ந்து போரிட்டார்கள். பதுங்குகுழியில் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமான 'மேட்'. ஊர் திரும்பியபின், மற்றச் சிப்பாய்களுக்கு அரசு நிலம் கொடுத்தபோது இவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் இவர்களையும் சேர்த்து எண்ணுவதற்கே 1967இல் ஒரு பொதுவாக்கெடுப்பு வேண்டியிருந்தது. இந்தக் கறையை அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே தோண்டி எடுத்து எழுதினார்கள். அதையும் நாம் அவர்களிடம் கற்க வேண்டும்.

நாமும் தாமதமாகத்தான் விழித்தோம். சுதந்திர இந்தியாவின் போர்களில் இறந்தவர்களுக்கென்று தில்லியில் தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டது 2019 பிப்ரவரி 25இல். 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே கருங்கல்லில் உள்ளன. நல்ல காரியம். ஆனால் தில்லிச் சுவர் நம் ஊர் மந்தைவெளிக்கு வராது. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பும் ஊர். நம் மாவட்டத்திலும் அப்படி அனுப்பும் வீடுகள் உண்டு. ஓய்வுபெற்று வந்த எத்தனை பேர் நம் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் வாசலில் பாதுகாவலராக நிற்கிறார்கள்! அவர் சியாச்சினில் இருந்தாரா, கார்கிலில் இருந்தாரா என்று நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம்?

ஆலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1970களில் சிப்காட் வந்தது, பின் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் வந்தன. டைட்டன் தொடங்கிய காலத்தில் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வந்தபோது, அவர்களுக்கு வீடு எடுத்துக் கொடுத்து, பெற்றோர் இடத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத் தம்பதிகளையும் அமர்த்தினார்கள். அந்தப் பிள்ளைகள் நுண்ணிய கடிகாரம் செய்தார்கள். மைக்ரான் அளவில் வேலை செய்யும் கைகள் மானாவாரி நிலத்துக் குடும்பங்களில் இருந்தன. மதராஸிக்குப் போர்க்குணம் இல்லை என்றவர்களைப் போலவே, இந்தப் பின்தங்கிய பகுதி ஆட்களுக்குத் தொழில் ஒழுங்கு வராது என்று சொன்னவர்களும் அன்று இருந்தார்கள். இன்று தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூர் ஒன்று. இந்திய ராணுவம் ஓட்டும் ஸ்டாலியன் லாரி அசோக் லேலண்டின் வடிவமைப்பு. சிப்பாயின் உயிர் இனி நம் வெல்டிங்கிலும் நம் போல்ட் முறுக்கத்திலும் இருக்கப்போகிறது.

இந்த ஆலைகளின் தரையில் ஒரு சொல் இருக்கிறது. அண்ணா. தமிழனுக்கும் அண்ணா, கன்னடக்காரருக்கும் அண்ணா, தெலுங்கருக்கும் அண்ணா. தம்பி, தம்மா, தம்முடு என்று இளையவனுக்கும் மூன்று மொழியிலும் ஒரே வேர். எந்த மொழிக்காரன் என்று தெரியாமலே கூப்பிட்டுவிடலாம். எல்லையில் வாழ்வதன் பெரிய செல்வம் அது. ஆனால் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து நம் பக்கத்தில் நிற்கும் பையனை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? வடக்கன் என்கிறோம், இந்திக்காரன் என்கிறோம். காண்ட்ராக்ட் சீட்டில் அவன் ஒரு எண். 1919இன் சலவைக்கல்லுக்கும் அந்தச் சீட்டுக்கும் என்ன வேறுபாடு? நம்மைப் போருக்கு உதவாதவன் என்று ஒதுக்கியதன் வலி தெரிந்தவர்கள் நாம். அந்தப் பையனும் தம்பிதான். பெயர் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைத்துவிட்டு அமர்கிறேன். பொங்கல் விடுமுறையில் எருது விடும் விழாவுக்கு ஊருக்குப் போவீர்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரில் வேடியப்பன் கல் எங்கெங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுங்கள். சுண்ணாம்பு பூசியோ பெயிண்ட் அடித்தோ எழுத்தை மறைத்துவிட வேண்டாம் என்று பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். பிறகு ஊரில் படைக்குப் போனவர்கள், திரும்பியவர்கள், திரும்பாதவர்கள் எல்லோருடைய பெயரையும் கேட்டு எழுதுங்கள். எந்தத் தெரு என்று பார்க்காதீர்கள், காலனித் தெருவை விட்டுவிடாதீர்கள், பதவியைப் போடாதீர்கள். அகர வரிசையில் எழுதுங்கள். ஜனவரி 26 கிராமசபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக வையுங்கள். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு கல் பதிக்க அதிகச் செலவாகாது. முதல் கல்லை எந்த ஊர் பதிக்கிறதோ, அந்த ஊருக்கு வந்து கூட நிற்க நான் தயார்.